வைட்டமின் டி தேடப் போய் கே வாங்கி வந்த கதை

டாக்டர் எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வெயில்ல நிக்கணும்.

அவ்வளவுதான். ஓடச் சொல்லல, பட்டினி கிடக்கச் சொல்லல. ஆரணியில பொறந்து வளர்ந்தவன்கிட்ட வெயில்ல நில்லுன்னு சொல்றதும் மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தர்றதும் ஒண்ணு. அதையும் தப்பாச் செய்ய ஒரு மீன் குஞ்சால முடியும்னு நிரூபிச்சவன் நான்.

என் தொழிலைச் சொல்லிடறேன். பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்றேன். கலர் சரியாத் தெரியணும்னு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, வருஷக்கணக்கா அந்த இருட்டுல உக்காந்து மயிலும் யானையும் வரைஞ்சுகிட்டு இருக்கேன். காளான் வளக்கறவங்ககூட எங்க ரூமைப் பாத்தா கொஞ்சம் வெளிச்சம் விடுங்கன்னுதான் சொல்லுவாங்க. போன நவம்பர்ல இருந்து முட்டி வலி, இடுப்பு வலி. மாடிப்படி ஏறினா ஒவ்வொரு படிக்கும் ஒரு "ஏசுவே".

வீட்டுக்காரி எஸ்தருக்கு இதயத்துல உலோக வால்வு வச்சிருக்கு. அந்த வால்வுல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கக் கூடாதுன்னு தினமும் ஒரு மாத்திரை போடணும். சரியா வேலை செய்யுதான்னு பாக்க அப்பப்ப வேலூர் போய் ரத்தம் குடுத்துட்டு வருவோம். வீட்ல டிவி ஓடலன்னா, பக்கத்துல உக்காந்தா, அந்த வால்வு டிக் டிக்னு அடிக்கறது கேக்கும். புதுசுல எனக்குத் தூக்கம் வரல. இப்பல்லாம் அது கேட்டாதான் தூக்கமே வருது.

அப்படி ஒரு தடவை போனப்போ, வந்தது வந்தோம்னு என் முட்டியையும் காட்டினேன். டாக்டரம்மா டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "வைட்டமின் டி ரொம்பக் கம்மி சார். உங்க மேல வெயிலே படாதா?"ன்னாங்க.

"ரூமுக்குள்ளயே வேலைங்க."

"மாத்திரை எழுதறேன். வாரத்துக்கு ஒண்ணுதான், தினமும் போட்டுடாதீங்க. அதோட வெயில்லயும் கொஞ்ச நேரம் நில்லுங்க."

இதுக்கு மேல அவங்க சொன்னதைக் கேக்க நான் அங்க இல்லை. வெயில்னு காதுல விழுந்ததும், இது நமக்குத் தெரிஞ்ச பாடமாச்சேன்னு எழுந்து டீக்கடைக்கு வந்துட்டேன். கேள்வியைப் பாதி படிச்சுட்டு பதில் எழுத ஆரம்பிக்கற பழக்கம் எனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே உண்டு. மீதியை எஸ்தர்தான் கேட்டுட்டு வந்தா.

பஸ்ல சொன்னா. "பதினோரு மணி வாக்குல நிக்கணுமாங்க. கையில, கால்ல வெயில் படணுமாம்."

"பதினோரு மணிக்கா? நம்ம ஊரு வெயில்லயா? வைட்டமின் வராது, வேக்காடுதான் வரும்."

"அவங்கதான சொன்னாங்க."

"ஏசி ரூம்ல உக்காந்துகினு சொல்லுவாங்க. வெளிய வந்து நின்னாதான தெரியும்."

வேலூர்ல இருந்துகிட்டு வெயிலைப் பத்தித் தெரியாத டாக்டர் ஒருத்தர் இருக்க முடியுமான்னு அப்பவே யோசிச்சிருக்கலாம். யோசிக்கிறது எனக்குப் பழக்கமில்லை. மாத்திரைச் சீட்டை மடிச்சு பர்ஸ்ல வச்சேன். வெயில் சும்மா கிடைக்கறப்போ மாத்திரை எவன் வாங்குவான்னு ஒரு தெனாவெட்டு.

வீட்டுக்கு வந்ததும் கேக்கவேண்டிய ஆளை விட்டுட்டு கேக்கக் கூடாத ஆளைக் கேட்டேன். எதிர்வீட்டு ஞானப்பிரகாசம் சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்துல வரலாறு எடுத்தவர், இப்ப வாட்ஸ்அப்ல வைத்தியம் எடுக்கறார். தெருவுக்குன்னு ஒரு குரூப் வச்சு, தினமும் விடிய காத்தால ஒரு ரோஜாப்பூ, ஒரு வசனம், ஒரு வைத்தியக் குறிப்புன்னு போடுவார். சுண்டைக்காயில இருந்து சுகர் வரைக்கும் அவருக்குத் தெரியாதது இல்லை. அவருக்கு சுகர் இருக்கறதுதான் ஒரே குறை.

"பதினோரு மணியா?"ன்னு சிரிச்சார். "ஸ்டீபன், இளம் வெயில்தான்யா மருந்து. காலைல ஆறு மணிக்கு எழுந்து தெருவுல நில்லு. நம்ம முன்னோருங்க டாக்டரைக் கேட்டா நின்னாங்க?"

முன்னோர்னு சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. சரின்னுட்டேன்.

மறுநாள் ஆறு மணி. டிசம்பர் மாசம். முழுக்கை ஸ்வெட்டர், தலைக்கு மஃப்ளர், கால்ல சாக்ஸ். வெயில் வாங்கப் போறவன் கோலம் இது. தெருவுல இறங்கறேன், சூரியன் இன்னும் வரல. அவர் வர்ற வரைக்கும் நிப்போம்னு நின்னேன்.

எங்க தெரு நெசவுக்காரத் தெரு. அந்த நேரத்துல தெரு நடுவுல பாவு போட்டிருப்பாங்க. பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடற பட்டு இழை. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி, அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளிச்சு, சிக்கெடுத்து, சுருட்டி எடுத்துட்டுப் போவாங்க. அது நடக்கறப்போ வண்டி வராது. இன்னொரு சட்டமும் உண்டு. அந்த நேரத்துல தெருவுல வெறுங்கையோட எவன் நின்னாலும், கூப்பிட்டா போய்ப் புடிக்கணும். கலெக்டரா இருந்தாலும் சரி. அதனால விவரம் தெரிஞ்சவங்க அந்த நேரத்துக்கு வீட்டை விட்டு வெளிய வரமாட்டாங்க. நான் வந்தேன்.

பக்கத்து வீட்டு தனபால் பாத்துட்டான். "இன்னா ஸ்டீபன் அண்ணா, சும்மாதான நிக்கிற? ஒரு ஆளு வர்ல. இத்த ரவ புடி, தோ வந்துட்றேன்."

பாவை இழுத்துக் கட்டின கயித்து முனையைக் கையில குடுத்துட்டுப் போயிட்டான். விட முடியாது. விட்டா அவ்வளவு பாவும் தொய்ஞ்சு தரையில படுத்துடும். புங்கமரத்தடியில அந்தக் கயித்தைப் புடிச்சுகிட்டு, கிழக்கைப் பாத்து நின்னேன். சரி, நமக்கும் வைட்டமின், அவனுக்கும் உதவின்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அந்தப் பனிக்கு ஒரு தும்மல் வந்தது பாருங்க. கயிறு ஒரு ஆட்டம் ஆடுச்சு. நடுவுல ஒரு கத்தை இழை பட் பட்னு அறுந்துச்சு.

தனபால் திட்டல. அதுதான் கொடுமை. குனிஞ்சு ஒவ்வொரு இழையா எடுத்து முடிச்சு போட்டுகிட்டே, "அண்ணா, தும்மறதுக்கு முன்னாடி சொல்லு. வேற யார்கிட்டயாவது குத்துட்டு அப்பால போய்த் தும்மு"ன்னான்.

வேற ஆளா இருந்தா மறுநாள் வீட்டுக்குள்ளயே இருந்திருப்பான். எனக்குத்தான் வைட்டமின் வேணுமே. போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். தெருவுக்கு விஷயம் பரவிடுச்சு. கூப்பிடாமயே வந்து நிக்கற ஒரு ஆள் கிடைச்சா யார் விடுவா? "நாளைக்கு நம்மளுது சார்", "பொங்கலுக்கு முன்னாடி எங்களுது ஒண்ணு கீது சார்"னு முன்பதிவே நடந்துச்சு. டிசைன் போடறதுக்குக்கூட எனக்கு இவ்வளவு கிராக்கி இருந்ததில்லை. கயிறு புடிச்சபடி ஒரு செல்ஃபி எடுத்து, "இயற்கையே மருத்துவர்"னு ஸ்டேட்டஸ் வேற போட்டேன். இப்ப நினைச்சாலும் கூசுது.

முட்டி வலி குறைஞ்சுதா? இல்லை. அதோட தோள்பட்டை வலியும் சேந்துகிச்சு. "உள்ள இருக்கற வலி வெளிய வருது"ன்னார் ஞானப்பிரகாசம் சார். அதையும் நம்பினேன்.

இப்ப கீரைக்கு வருவோம்.

அக்கம்பக்கத்துல கயிறு புடிச்சதுக்குக் காசு குடுத்தா அது மரியாதை இல்லை. சும்மா அனுப்பினாலும் அவங்களுக்கு மனசு ஆறாது. தனபால் வீட்டுக்காரி செல்விக்குப் பொறந்த வீடு பெரணமல்லூர் பக்கம். அண்ணன் நிலத்துல கீரை போட்டிருக்கார். ஊர்ல இருந்து கட்டுக் கட்டா வரும்.

"அண்ணா, அக்காகிட்ட குட்த்துடுங்க"ன்னு மொத நாள் அரைக்கீரை. மறுநாள் பொன்னாங்கண்ணி. அப்புறம் முருங்கை. அதைப் பாத்து மத்த வீட்டுக்காரங்களும் கீரைதான் எனக்கு இஷ்டம் போலன்னு முடிவு பண்ணிட்டாங்க. தினமும் நான் வீடு திரும்பறப்போ கக்கத்துல ஒரு கட்டு இருக்கும். வைட்டமின் வாங்கப் போறவன் மாடு மாதிரி தழையோட வருவேன்.

எஸ்தர் மொத வாரமே சொன்னா. "இவ்ளோ வாணாங்க. கீரைய ஒரே அளவா சாப்பிடணும்னு டாக்டரு எனக்குச் சொல்லிகீறாங்க. அந்த மாத்திரைக்கு ஆவாது."

அன்னிக்குன்னு பாத்து குரூப்ல ஞானப்பிரகாசம் சார் ஒரு குறிப்பு போட்டார். வைட்டமின் டி மட்டும் போதாதாம். டி சுண்ணாம்புச் சத்தை உடம்புக்குள்ள ஏத்தி விடுமாம். அதை எலும்புல கொண்டுபோய் இறக்கி விடறது வைட்டமின் கே. கே இல்லாத டி, கண்டக்டர் இல்லாத பஸ். கே எதுல இருக்கு? பச்சைக் கீரையில.

படிச்சதும் எனக்குத் தலைகால் புரியல. டி தெருவுல கிடைக்குது. கே கூலியாவே வருது. கர்த்தர் எனக்குன்னு தனியா உக்காந்து திட்டம் போட்டிருக்கார்னு நினைச்சேன்.

"பாத்தியா எஸ்தர், கீரை எலும்புக்கு எவ்ளோ நல்லதுன்னு."

"உங்க எலும்புக்கு நல்லதா இருக்கும். எனக்கு ஒரே அளவுதான் சாப்பிடணும்."

இந்த இடத்துல நான் ஒரு பாயிண்ட் பேசினேன். அதை ஃபிரேம் போட்டு மாட்டணும். "தினமும் நெறைய சாப்பிட்டா, அதுவும் ஒரே அளவுதான?"

அவ என்னையே பாத்தா. பதில் சொல்லல. பதில் இல்லாமப் போனதால நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். கல்யாணம் ஆனவங்களுக்கு அந்தப் பார்வை தெரியும். அது தோத்துப் போன பார்வை இல்லை, பேஜாரு புடிச்ச பார்வை. ஆனா வந்த கீரையைக் குப்பையில போட அவளுக்கு மனசு வராது. கூட்டு, பொரியல், கடைசல், அடைன்னு அந்த வீட்ல பச்சையா இல்லாதது காபி மட்டும்தான். எல்லாரும் சாப்பிட்டோம். அவளும் சாப்பிட்டா.

அடுத்த செக்கப்புக்கு நான் மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். டி எவ்வளவு ஏறியிருக்கோன்னு டாக்டரம்மா அசந்து போகப் போறாங்கன்னு நெனப்பு. ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தோம். ரிப்போர்ட்டோட உள்ள போனோம்.

என்னுதைத்தான் முதல்ல எடுத்தாங்க. "முன்ன இருந்ததை விட இறங்கியிருக்கே. மாத்திரை போடலையா?"

"வெயில்ல நிக்கிறேங்க. ஒரு நாள் விடல."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"சாயந்திரமா?"

"காலைலங்க."

அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. "இந்த மாசத்துல ஆறு மணிக்கு வெயில் எங்க இருக்கு சார்? எங்க நின்னீங்க?"

"தெருவுல, பாவு புடிச்சுகிட்டு. மரத்தடியில."

"என்ன போட்டுகிட்டு?"

ஸ்வெட்டர்னு சொன்னேன். மஃப்ளரை நான் சொல்லல. எஸ்தர் சொன்னா. சாக்ஸையும் அவளே சொன்னா. கடைசியா, "பாவு வேலையே வெயில் ஏறதுக்குள்ள முடிக்கற வேலை டாக்டர். வெயில் பட்டா இழை காஞ்சு அறுந்துடும்னு பயந்து பயந்து செய்வாங்க. அங்க போய் வெயில் தேடிகினு இருந்தாரு"ன்னா.

நர்ஸ் திரும்பி நின்னு சிரிச்சாங்க. டாக்டரம்மாவும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். சிரிச்சுகிட்டே எஸ்தரோட ரிப்போர்ட்டை எடுத்தாங்க. அத்தோட சிரிப்பு நின்னுடுச்சு.

"அம்மா, மாத்திரை விட்டுட்டீங்களா?"

"ஒரு வேளை விடல டாக்டர்."

"அப்புறம் ஏன் இப்படி? ரத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு இளகி இல்லை. சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

எஸ்தர் என்னைப் பாத்தா. அந்த டிக் டிக் எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

"கீரைங்க"ன்னேன். "தினமும் கீரை. நான்தான் சாப்பிடச் சொன்னேன். வைட்டமின் கே நல்லதுன்னு..."

டாக்டரம்மா சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா தேவலாம். "உங்களுக்கு நல்லதுதான் சார். ஆனா இவங்க போடற மாத்திரையோட வேலையே அந்த வைட்டமின் கேயை அடக்கி வைக்கறதுதான். நாங்க மாத்திரையால அடக்கறோம், நீங்க கீரையால கூட்டிகிட்டே இருந்தா? வால்வுல ரத்தம் கட்டினா, அது அங்கயே இருக்காது. மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். வால்வே அடைச்சுகிச்சுன்னா..."

எனக்கு முட்டி வலி, தோள் வலி எதுவும் நினைவில்லை. எஸ்தர் வேணாம்னு சொல்லச் சொல்ல, ஒரு வாட்ஸ்அப் ரோஜாப்பூவைக் காட்டி வாயை அடைச்சேனேன்னுதான் ஓடிகிட்டு இருந்துச்சு.

வயித்துல போடற ஊசி எழுதினாங்க, ரத்தம் சரியாகற வரைக்கும். மாத்திரையை மாத்தல. "கீரை விஷம் இல்லைம்மா. முன்ன எவ்வளவு சாப்பிட்டீங்களோ அதே அளவுக்குத் திரும்பிடுங்க. கூட்டவும் வேணாம், அடியோட விடவும் வேணாம்"னாங்க. அப்புறம் என்கிட்ட திரும்பி, "நீங்க மாத்திரை வாங்குங்க. பதினோரு மணிக்கு நில்லுங்க. மரத்துக்கடியில இல்ல"ன்னாங்க. இந்தத் தடவை அவங்க முழுசா முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

பஸ் கண்ணமங்கலம் தாண்டினப்போ எஸ்தர் ஜன்னலைப் பாத்தபடியே சொன்னா.

"எனக்குக் கோவம் உங்க மேல இல்லீங்க."

"அப்புறம்?"

"உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க, என் மேலதான்."

இதுக்கு அவ என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

ஊசி போட்ட நாளெல்லாம் நான் பயந்துகிட்டே இருந்தேன். வெளிப்படையாவே சொல்றேன், பயந்தேன். டிசைன் ரூம்ல உக்காந்தா மயிலுக்குக் கழுத்து வரல. எழுந்து போய் அவ பக்கத்துல சும்மா நின்னு காதைக் குடுப்பேன். "இன்னா, ஓடுதா?"ன்னு கேப்பா. ஓடுதும்பேன். "அப்ப போய் வேலையப் பாருங்க"ம்பா.

தனபால்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, அக்காக்கு ஆவாதா? சொல்லவே இல்லியே அண்ணா"ன்னு பதறிட்டான். ஒரு நிமிஷம்தான் பதறினான். "அப்ப நாளைக்கு நம்ம பாவ யாரு புடிக்கிறது?"

"நான் வெயிலுக்குத்தான்டா வந்தேன்."

"வெயிலுக்கு பதினோரு மணிக்கு நில்லு. பாவுக்கு ஆறு மணிக்கு வா. ஒண்ணோட ஒண்ணு இடிக்காதே."

சட்டம் பேசறான். இப்பவும் போய்க்கிட்டுதான் இருக்கேன். செல்வி கீரைக்குப் பதிலா சுரைக்காய் குடுத்தனுப்பறா. மொத சுரைக்காயை எஸ்தர் வாசல்லயே நிறுத்தி, வேலூர் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் உள்ள விட்டா. மத்த வீடுகள்ல இருந்து வர்ற கீரைக்கட்டெல்லாம் எதிர்வீட்டுக்குப் போகுது. ஞானப்பிரகாசம் சார் சலிச்சுக்கிறார். "தினமும் கீரை யாருய்யா சாப்பிடுவா?"

போன வாரம் மறுபடி வேலூர் போனோம். எஸ்தருக்கு ரத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு வந்துடுச்சு. டாக்டரம்மா "நல்லது"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு, தும்மற மாதிரி நடிச்சு சமாளிச்சேன். நல்லவேளை, கையில கயிறு இல்லை.

இப்ப தினமும் பதினோரு மணிக்கு மொட்டை மாடி. அரைக்கை சட்டை, மடிச்சுக் கட்டின லுங்கி. மாடிப்படி வாசல்ல நிழல்ல ஸ்டூல் போட்டு எஸ்தர் காவல். அவ போதும்னு சொன்னாதான் நான் இறங்கணும்.

நேத்து நின்னுகிட்டு இருக்கறப்போ போன் கத்துச்சு. ஞானப்பிரகாசம் சார் குரூப்ல ஏதோ பெருசா அனுப்பியிருந்தார். எடுத்துப் பாத்தேன். அடிக்கற வெயில்ல ஸ்கிரீன் முழுக்க கறுப்பு. ஒரு எழுத்து தெரியல. கையால மறைச்சுப் பாத்தேன், சாச்சுப் பாத்தேன். ம்ஹூம்.

"இன்னாங்க, படிக்க முடியலயா?"ன்னா எஸ்தர், நிழல்ல இருந்தபடி.

"ஒண்ணுமே தெரியல."

"அப்ப அதான் வைட்டமின் டி வெயிலு. அங்கயே நில்லுங்க."